மணியை மெல்ல அடியுங்கள்! - கருங்குழியைச் சுற்றி அமைதியான சைக்கிள் பாதைகள்

காலை மணி ஐந்தே முக்கால். ஜி.எஸ்.டி. சாலையில் கருங்குழி. தென்மாவட்டங்களிலிருந்து இரவெல்லாம் ஓடிவந்த ஆம்னி பஸ்கள், சென்னைக்குள் நுழையும் அவசரத்தில் காற்றைக் கிழித்துக்கொண்டு போகின்றன. சாலையோர டீக்கடையில் பாய்லர் கொதிக்கிறது. கிளாஸைக் கையில் வாங்கியவர்கள், அடுத்த லாரி போகும்வரை பேச்சை நிறுத்திவைத்துவிட்டுப் பிறகு தொடர்கிறார்கள். அவ்வளவு இரைச்சல்.

இந்தச் சாலையைவிட்டு மேற்கே திரும்பும் ஊர்ச் சாலையில் சைக்கிளை விடுங்கள். பத்து நிமிடம் மிதித்தால் போதும். லாரிச் சத்தம் முதுகுக்குப் பின்னால் தேய்ந்து மறைந்துவிடும். இரண்டு பக்கமும் வயல், தூரத்தில் ஒரு ஏரிக்கரை, கரைமேல் வரிசையாகப் பனைமரங்கள். செயின் சுற்றும் ஓசையும் தவளைச் சத்தமும்தான் மிச்சம்.

சைக்கிள் பயணம் என்றதும் பலருக்கும் மலைதான் நினைவுக்கு வருகிறது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகள், ஏற்காட்டின் 20 வளைவுகள், கொல்லிமலையின் 70 வளைவுகள் என்று கணக்குப் போட்டு ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். அது நல்ல சாகசம்தான். ஆனால், சைக்கிளைத் தூசி தட்டி வெளியே எடுக்கும் நாற்பது வயதுக்காரருக்கும், பத்து வயதுப் பிள்ளையோடு கிளம்பும் அம்மாவுக்கும் மலை ஒத்துவராது. அவர்களுக்கு வேண்டியது சமதளமான, வண்டி நடமாட்டம் குறைந்த, வழியில் பார்ப்பதற்கு நான்கு விஷயங்கள் உள்ள சாலை. செங்கல்பட்டு மாவட்டத்தில், கருங்குழியைச் சுற்றி அப்படிப்பட்ட சாலைகள் நிறையவே இருக்கின்றன.

எந்தக் கருங்குழி?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வள்ளலார் தண்ணீரில் விளக்கெரித்ததாகச் சொல்லப்படும் கருங்குழி, கடலூர் மாவட்டத்தில் வடலூருக்குப் பக்கத்தில் உள்ளது. இது வேறு. இந்தக் கருங்குழி, மதுராந்தகத்துக்குச் சற்று வடக்கே உள்ள பேரூராட்சி. செங்கல்பட்டு - விழுப்புரம் ரயில் பாதையில் இதற்குத் தனி ஸ்டேஷன் உண்டு.

இன்று பஸ்ஸில் போகிறவர்கள் கண்மூடித் திறப்பதற்குள் கடந்துவிடும் ஊர் இது. ஒரு காலத்தில் இதைப் பிடிக்கப் படைகள் மோதின. இங்கே இருந்த கோட்டைக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரர்களும் மாறி மாறிச் சண்டையிட்டார்கள். 1759 டிசம்பரில் அயர் கூட் தலைமையிலான ஆங்கிலேயப் படை இந்தக் கோட்டையைக் கைப்பற்றியது. அடுத்த மாதமே, 1760 ஜனவரி 22-ல் வந்தவாசிப் போர் நடந்தது. தென்னிந்தியாவில் பிரெஞ்சுக்காரர்களின் கனவு கலைந்தது அந்தப் போரில்தான். கம்பெனி ஆட்சி வந்த பிறகு, கலெக்டரின் தலைமையிடமாகவும் கருங்குழி சில காலம் இருந்திருக்கிறது.

அந்தக் கால கலெக்டர் ஒருவரின் பெயரை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். லயனல் பிளேஸ். இந்தப் பயணத்தில் இரண்டு இடங்களில் அவர் வருவார்.

சாலை ஏன் வளைகிறது?

கருங்குழிக்கு மேற்கே சைக்கிளில் போகிறவர்கள் சீக்கிரமே ஒன்றைக் கவனிப்பார்கள். சாலை நேராகப் போவதே இல்லை. கொஞ்ச தூரம் போகும், இடதுபக்கம் வளையும், ஓர் ஏரிக்கரையை ஒட்டிச் சுற்றும், மறுபடி வலதுபக்கம் திரும்பும்.

காரணம், ஏரிகள். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரிகளின் மாவட்டம் என்றே சொல்வார்கள். ஊருக்கு ஓர் ஏரி, சில ஊர்களுக்குப் பெரிய ஏரி, சின்ன ஏரி என்று இரண்டு. மேட்டில் உள்ள ஏரி நிறைந்தால் கலங்கல் வழியாகத் தண்ணீர் வழிந்து, கால்வாயில் ஓடி, அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். மதகைத் திறந்தால் கரைக்குக் கீழே உள்ள வயலுக்குப் பாயும். தண்ணீருக்கு வழிவிட்ட பிறகு மிச்சமிருந்த இடத்தில்தான் மனிதர்கள் சாலை போட்டார்கள். அதனால்தான் இந்த வளைவுகள்.

சாலையின் அமைதிக்கும் இதுவே ஒரு காரணம். அவசரமாகப் போகிறவர்கள் யாரும் இந்த வழியில் வருவதில்லை. சுற்றிச் சுற்றிப் போகும் சாலையில் லாரிக்கு என்ன வேலை? பால் கேன் கட்டிய டூ வீலர், உரமூட்டை ஏற்றிய டிராக்டர், மணிக்கு ஒரு டவுன் பஸ், அவ்வளவுதான். மிச்ச நேரமெல்லாம் சாலை சைக்கிளுக்குச் சொந்தம்.

காலை எட்டரை மணிக்கு இந்தச் சாலைகளைப் பார்க்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து சைக்கிளில் போவார்கள். தமிழக அரசின் இலவச சைக்கிள் திட்டம் 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கியது. பிறகு அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் மாணவர்கள் எல்லோருக்கும் விரிந்தது. அதற்கும் முன்பே, 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களை சைக்கிளில் ஏற்றியது. சென்னையிலிருந்து விலையுயர்ந்த கியர் சைக்கிளோடு வருகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இந்தச் சாலையில் அவர்கள் விருந்தாளிகள்தான். இங்கே தினமும் சைக்கிள் மிதிப்பவர்கள் அந்தப் பிள்ளைகள்.

முதல் பாதை: வேடந்தாங்கல் - கரிக்கிலி

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஏற்ற பாதை இதுதான். வேடந்தாங்கலுக்கு வேனும் காரும் அதிகமாகப் போவது படாளம் கூட்டு ரோட்டிலிருந்து பிரியும் சாலையில். விடுமுறை நாட்களில் அதைத் தவிர்த்துவிட்டு ஊர்களுக்குள் புகுந்து போகும் சாலைகளைப் பிடிப்பது நல்லது. வழி கேட்கத் தயங்க வேண்டாம். ஆனால், ஒரு எச்சரிக்கை. "இதோ, பக்கத்துலதாங்க" என்று சொன்னால் மூன்று, நான்கு கிலோமீட்டர் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு ஏரிக்கரையில் நடக்க வேண்டும். ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர்தான். தண்ணீருக்கு நடுவே நிற்கும் மரங்களில் இலைகளைவிடப் பறவைகள் அதிகமோ என்று தோன்றும். நத்தைக்குத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா, நீர்க்காகம், வக்கா என ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல சீசன். டிசம்பர், ஜனவரியில் கூடுகளில் குஞ்சுகளைப் பார்க்கலாம். விடியற்காலையில் இரை தேடிக் கிளம்பும் நேரமும், மாலை நான்கு மணிக்கு மேல் கூடு திரும்பும் நேரமும்தான் கண்கொள்ளாக் காட்சி.

இங்கேதான் லயனல் பிளேஸ் முதல்முறை வருகிறார். ஏரிக்கு வந்த பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 'பறவைகளைச் சுடக் கூடாது, அவற்றைக் காக்கும் உரிமை ஊருக்கு உண்டு' என்று ஒப்புக்கொண்டு, 1798-ல் பிளேஸ் எழுதிக்கொடுத்ததாகச் சொல்லப்படுகிறது. 1858-ல் வேறொரு கலெக்டர் அந்த உரிமையைப் புதுப்பித்தார். வனச் சட்டமும் வனவிலங்குச் சட்டமும் வருவதற்கு வெகுகாலம் முன்பே நடந்த சங்கதி இது.

ஊர்க்காரர்கள் பறவைக்காக ஏன் கலெக்டர் வரை போனார்கள்? இரக்கம் மட்டும் காரணமல்ல, கணக்கும் இருந்தது. பறவைகளின் எச்சம் ஏரித் தண்ணீரில் கரைகிறது. அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் பாய்கிறது. தனியாக உரம் போட வேண்டிய தேவை குறைகிறது, நெல் செழிக்கிறது. பறவை வந்தால் விளைச்சல், வராவிட்டால் நஷ்டம். அதனால் தலைமுறை தலைமுறையாகக் காத்தார்கள். தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத ஊர் என்று வேடந்தாங்கலுக்குப் பெயர். வீட்டில் பிள்ளைகள் எவ்வளவு ஆசைப்பட்டாலும் பெரியவர்கள் சமாதானம் சொல்லித் தேற்றிவிடுவார்கள்.

இந்தச் சுற்றுவட்டாரத்தின் அமைதி தானாக வந்ததல்ல. இருநூறு வருடங்களுக்கும் மேலாக ஓர் ஊர் தன் சத்தத்தைத் தானே அடக்கிக்கொண்டதால் வந்தது. சைக்கிளில் போகிறவர்களுக்குக் கிடைப்பது அதில் ஒரு பங்கு.

வேடந்தாங்கலிலிருந்து வடக்கே போனால் கரிக்கிலி. சைக்கிளில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். 1989-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். பரப்பு சுமார் 61 ஹெக்டேர். வேடந்தாங்கல் மரத்தில் கூடு கட்டும் பறவைகளின் ஊர் என்றால், கரிக்கிலி தண்ணீரில் மிதக்கும் வாத்துகளின் ஊர். ஊசிவால் வாத்து, கிளுவை போன்றவை வலசை வரும். வேடந்தாங்கலில் கூட்டம் அலைமோதும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் இங்கே ஆள் நடமாட்டம் குறைவு. 2022-ல் இந்த இரண்டு ஏரிகளும் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பிடித்தன.

கரிக்கிலியிலிருந்து படாளம் வழியாகவும் கருங்குழிக்குத் திரும்பலாம். ஆனால், கடைசிப் பகுதி நெடுஞ்சாலையில் போகும். படாளத்தில் சர்க்கரை ஆலை இருப்பதால் கரும்பு அரவைக் காலத்தில் டிராக்டர்களும் லாரிகளும் வரிசைகட்டும். பிள்ளைகளோடு போகிறவர்கள் வந்த வழியிலேயே திரும்புவதுதான் நிம்மதி. போகவர 40 கிலோமீட்டர் அளவில் முடிந்துவிடும்.

இரண்டாவது பாதை: மதுராந்தகம் ஏரி

தூரம் குறைவாக வேண்டும் என்பவர்களுக்கு மதுராந்தகம். கருங்குழிக்குத் தெற்கே, சைக்கிளில் அரை மணி நேரம். மதுராந்தகன் என்ற பெயர் கொண்ட உத்தம சோழனின் பெயரால் அமைந்த ஊர். பத்தாம் நூற்றாண்டில் அவர் காலத்தில் வெட்டப்பட்டதாகச் சொல்லப்படும் ஏரி, இன்றும் தமிழகத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று. மழைக்காலம் முடிந்த பிறகு கரையில் நின்றால், எதிர்க்கரை கண்ணுக்குத் தட்டுப்படாத அளவுக்குத் தண்ணீர் விரிந்து கிடக்கும்.

ஏரிக்குக் கீழே ஊருக்குள் ஏரி காத்த ராமர் கோயில். லயனல் பிளேஸ் இரண்டாவது முறை வருவது இங்கேதான். மழைக்காலத்தில் ஏரி உடைவது அப்போது வாடிக்கையாக இருந்ததாம். எவ்வளவு செலவழித்துக் கரையைக் கட்டினாலும் நிற்கவில்லை. தாயார் சந்நிதியைப் புதுப்பிக்கக் காசில்லை என்று கோயிலைச் சேர்ந்தவர்கள் கலெக்டரிடம் கேட்டபோது, "இந்த வருஷம் ஏரி உடையாவிட்டால் நானே கட்டித்தருகிறேன்" என்றாராம் அவர். அந்த வருடமும் பெருமழை. கரை உடையப்போகிறது என்று இரவில் பார்க்கப் போனவர், வில்லேந்திய இரண்டு இளைஞர்கள் கரையில் காவல் நிற்பதைக் கண்டதாகக் கதை. ஏரி உடையவில்லை. கலெக்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தாயார் சந்நிதியில் அவர் பெயர் பொறித்த கல்வெட்டு இருக்கிறது.

நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால், ஏரியைக் காத்தவரையே தெய்வமாகக் கும்பிடும் ஊர் எவ்வளவு தூரம் ஏரியை நம்பி வாழ்ந்திருக்கும் என்பது மட்டும் புரிகிறது.

மதுராந்தகத்துக்குப் போகும்போது நெடுஞ்சாலை குறுக்கிடும். அங்கே மட்டும் வீரம் காட்டாமல் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கடந்துவிடுங்கள்.

மூன்றாவது பாதை: உத்திரமேரூர்

காலில் கொஞ்சம் பலம் வந்துவிட்டவர்கள் வேடந்தாங்கலைத் தாண்டி மேற்கே உத்திரமேரூர் வரை போகலாம். செங்கல்பட்டு மாவட்டத்தைக் கடந்து காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள் நுழைவீர்கள். ஒரு முழுக் காலையும் வேண்டும்.

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையில் ஊர்ச் சபைக்கு ஆட்களைத் தேர்ந்தெடுத்த விதத்தை இவை சொல்கின்றன. யார் போட்டியிடலாம் என்பதைவிட, யார் போட்டியிடக் கூடாது என்ற பட்டியல்தான் சுவாரஸ்யம். பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை! ஊர்ச் சபைக்குக் கீழே தனித்தனி வாரியங்கள் இருந்தன. அவற்றில் ஒன்று ஏரி வாரியம். வழியெல்லாம் ஏரியைப் பார்த்துக்கொண்டே வந்தவர்களுக்கு, ஏரிக்கென்று ஒரு வாரியம் இருந்தது ஏன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பாதையில் ஒரு சங்கடம் உண்டு. கல்குவாரிகளுக்குப் போகும் டிப்பர் லாரிகள். வெயில் ஏறிய பிறகு அவற்றின் நடமாட்டம் அதிகம். விடியலில் கிளம்பி, ஒன்பது மணிக்குள் உத்திரமேரூரில் இட்லி சாப்பிட்டுவிடும்படி திட்டமிடுங்கள்.

நான்காவது பாதை: கடலை நோக்கி

ஒரு முழுநாள் கையில் இருந்தால் கிழக்கே போகலாம். மதுராந்தகத்திலிருந்து பவுஞ்சூர் வழியாகக் கூவத்தூர் வரை ஒரு சாலை. அங்கே கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து வடக்கே திரும்பினால் பாலாற்றுப் பாலம், அடுத்து கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம். நிலம் மாறுவதைச் சைக்கிளில்தான் உணர முடியும். களிமண் வயல் மெல்ல மெல்ல மணலாகும், நெல் போய் வேர்க்கடலையும் தர்பூசணியும் வரும், காற்றில் உப்பு வாசம் ஏறும்.

சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டில் ஏற்படுத்திய கோட்டை இருக்கிறது. மெல்லிய மஸ்லின் துணி இங்கிருந்து கப்பலேறியது. கோட்டைக்குள் சித்திர வேலைப்பாடு கொண்ட டச்சுக் கல்லறைகளைப் பார்க்கலாம். 1782 பிப்ரவரியில் இந்தக் கடலில் ஆங்கிலேய, பிரெஞ்சுக் கப்பற்படைகள் மோதின. இன்றைக்குக் கோட்டைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் அலைச்சத்தம் மட்டும்தான்.

மாமல்லபுரம் போகும் வழியில் மேற்கே கொஞ்சம் விலகினால் திருக்கழுக்குன்றம். மலை ஏறியே தீர வேண்டும் என்பவர்களுக்கு இந்தப் பயணத்தில் கிடைக்கும் மலை இதுதான். ஆனால், சைக்கிளை அடிவாரத்தில் விட்டுவிட்டு 500-க்கும் மேற்பட்ட படிகளில் நடந்து ஏற வேண்டும். மேலே வேதகிரீஸ்வரர். மலையில் பல்லவர் காலத்து ஒருகல் மண்டபம் இருக்கிறது. சதுரங்கப்பட்டினத்து டச்சுக்காரர்கள் இங்கே வந்து தங்கள் பெயர்களைக் கல்லில் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். சுற்றுலா போன இடத்தில் பெயர் எழுதும் பழக்கம் நம்மோடு தொடங்கவில்லை போலும்!

வராமல் போன பறவைகள்

திருக்கழுக்குன்றத்தின் பெயரிலேயே கழுகு இருக்கிறது. தினமும் உச்சிவேளையில் இரண்டு பறவைகள் மலைக்கு வந்து, அர்ச்சகர் கையால் வைக்கும் சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டுப் பறந்துபோகும். அதைப் பார்க்கவே ஊர் ஊராக ஜனங்கள் திரண்டார்கள். பட்சி தீர்த்தம் என்ற பெயரும் அதனால் வந்தது. பார்த்தவர்கள் இன்றும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். தாத்தா, பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். கழுகு என்று எல்லோரும் அழைத்தாலும், அவை மஞ்சள்முகப் பாறு என்ற பிணந்தின்னிக் கழுகு வகை.

1990-களின் இறுதியோடு அந்த வருகை நின்றுபோனது. அதே காலத்தில்தான் இந்தியா முழுவதும் பாறுக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்தன. மாடுகளுக்கு வலி நிவாரணியாகக் கொடுத்த டைக்ளோஃபினாக் மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைப் பாழாக்கியது பின்னர் தெரியவந்தது. கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தரக்கூடாது என்று 2006-ல் தடை வந்தது. திருக்கழுக்குன்றத்துப் பறவைகள் வராமல் போனதற்கு ஊரில் பல காரணங்கள் சொல்வார்கள். எது எப்படியோ, உச்சிவேளையில் அண்ணாந்து பார்த்தால் இப்போது வெறும் வானம்தான்.

காலையில் வேடந்தாங்கல், மதியம் திருக்கழுக்குன்றம் என்று பார்க்கிறவர்களுக்கு மனதில் ஒரு கேள்வி எழாமல் இருக்காது. ஒரே மாவட்டத்தில் இரண்டு ஊர்கள். இரண்டுமே பறவையால் பெயர் பெற்றவை. ஓர் ஊரில் பறவைகள் வருகின்றன, இன்னோர் ஊரில் வருவதில்லை. பறவை வருவது ஊர் செய்த புண்ணியம் என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். ஆனால், ஊர் எவ்வளவுதான் பக்தியாக இருந்தாலும், ஊருக்கு வெளியே நடக்கும் ஒரு தவறு பறவையை வரவிடாமல் செய்துவிடும்.

வேடந்தாங்கலுக்கும் அந்த ஆபத்து இல்லாமல் இல்லை. ஏரி மட்டும் அல்லாமல் அதைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வரை சரணாலயம் என்று 1998-ல் அறிவித்தார்கள். பறவை கூடு கட்டுவது ஏரியில் என்றாலும், இரை தேடுவது சுற்றியுள்ள வயலிலும் சின்னச் சின்ன ஏரிகளிலும்தானே? அந்த ஐந்து கிலோமீட்டர் எல்லையை மாற்றியமைக்கும் யோசனை 2020-ல் வந்தபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அப்போது செய்தியாகப் படித்தவர்களுக்கு அது வெறும் எண். அதே ஐந்து கிலோமீட்டரைச் சைக்கிளில் மிதித்தவர்களுக்கு அது எண் அல்ல. நத்தை பொறுக்கும் நாரை நின்ற வயல், நீர்க்காகம் சிறகு விரித்து உலர்த்திய மதகு, கரையோரப் பனை என்று ஒவ்வொரு கிலோமீட்டரிலும் ஒன்று கண்முன் வரும்.

நெடுஞ்சாலையை ஒட்டிய வயல்களில் கலர் கலராகக் கொடி நட்ட மனைப்பிரிவுகள் முளைத்துக்கொண்டிருக்கின்றன. வீடு வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால், ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய் மனைக்குள் மறைந்தால் ஏரி வற்றும். ஏரி வற்றினால் பறவை வராது. பறவை வராத ஊருக்குச் சத்தத்தை அடக்கிக்கொள்ள என்ன காரணம் மிச்சமிருக்கும்? வளைந்து போகும் சாலை நேராகும், அகலமாகும், லாரி வரும். எட்டரை மணிக்கு இரண்டு இரண்டு பேராகப் போகும் அந்தப் பிள்ளைகள் சாலையோரத்தில் ஒதுங்கி நிற்க வேண்டிவரும்.

கிளம்பும் முன் கவனிக்க

* நவம்பர் முதல் பிப்ரவரி வரை சைக்கிளுக்கும் பறவைக்கும் ஏற்ற காலம். மார்ச்சுக்குப் பிறகு போனால் ஒன்பது மணிக்குள் திரும்பிவிடுங்கள். நவம்பரில் புயல் எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். ஏரி நிரம்பி வழியும்போது தாழ்வான சாலைகளில் தண்ணீர் ஓடும்.

* காரில் சைக்கிளை ஏற்றிவந்து கருங்குழியிலிருந்து தொடங்குவது எளிது. ஜி.எஸ்.டி. சாலையில் மிதித்து வருவதைத் தவிர்க்கவும்.

* ஒவ்வொரு கூட்டு ரோட்டிலும் பஞ்சர் கடை இருக்கும். ஆனால், சாதாரண டியூபுக்குத்தான் அங்கே வழி உண்டு. ரேஸ் சைக்கிளின் மெல்லிய டியூபும் அதற்கேற்ற பம்பும் உங்களிடமே இருக்கட்டும். அகலமான டயர் இருந்தால் மேலும் நல்லது.

* தை மாதம் அறுவடைக் காலம். சாலையில் நெல்லைக் காயப்போட்டிருப்பார்கள், வைக்கோலைப் பரப்பியிருப்பார்கள். வைக்கோலில் பிரேக் போட்டால் சறுக்கும். நெல்லின் மேல் ஏற்றவே கூடாது. இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

* ஹெல்மெட், பின்பக்கம் சிவப்பு விளக்கு, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கட்டாயம். பொங்கல் சமயத்தில் பனங்கிழங்கும், கோடையில் நுங்கும் தர்பூசணியும் சாலையோரத்திலேயே கிடைக்கும். பிளாஸ்டிக் கவரை மட்டும் ஏரிக்கரையில் போட்டுவிடாதீர்கள்.

* வேடந்தாங்கல், கரிக்கிலியில் பளிச்சென்ற நிறத்தில் உடை வேண்டாம். ஸ்பீக்கரில் பாட்டு வேண்டவே வேண்டாம்.

மாலை ஐந்தரை. வேடந்தாங்கல் பக்கமிருந்து கருங்குழிக்குத் திரும்புகிறவர்களின் தலைக்கு மேலே, எதிர்த்திசையில், நாரைகள் வரிசை வரிசையாகக் கூடு திரும்பிக்கொண்டிருக்கும். முன்னால் போகிற மாட்டை ஒதுக்க மணி அடிக்கலாம் என்று கை போகும். அடியுங்கள், தவறில்லை. ஆனால், மெல்ல அடியுங்கள். பட்டாசே வெடிக்காத ஊர் அது.